ஒரு மீட்டர் சட்டம்

எலகங்காவில் பஸ் மாறி
ஹெசரகட்டா போய்ச் சேர ஏழே முக்கால்.
தோளில் நான்கு பிளாஸ்டிக் குழாய்,
பையில் நான்கு முழங்கை இணைப்பு.
மாட்டினால் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர்.
அலுவலகத்தில் இதற்குப் பெயர் சட்டம்.
யாரையும் கட்டுப்படுத்தாத சட்டம்;
வெட்டுக்கிளி உள்ளே வரும்
வெளியே போகும்.

ருத்ரேஷ் காந்தத்தைக் கயிற்றில் கட்டி
நாய்க்குட்டி போல இழுத்து நடக்கிறான்.
மூலைக்கு ஒன்றாய் அடித்த ஆணிகளை
மண் விழுங்கியிருக்கும், இல்லை
பழைய இரும்புக்காரர் கொண்டுபோயிருப்பார்.
பதினேழாம் கட்டத்தில் இன்று மூன்று கிடைத்தன.
நான்காவது மூலையை அளவுநாடா சொன்னது.

நேர் மேலிருந்து பார்க்க வேண்டும்.
சாய்ந்து பார்த்தால்
எந்த நிலமும் செழிப்பாகத்தான் தெரியும்.
புல் எத்தனை சதவீதம், சருகு எத்தனை,
கல், சாணி, வெறும் மண்.

"ஐம்பத்தஞ்சு" என்றான்.
நான் நாற்பது எழுதியிருந்தேன்.
பத்துக்கு மேல் வித்தியாசம் என்றால்
இரண்டு பேரும் மறுபடி குனிய வேண்டும், அதுதான் விதி.
"ஸ்ரீராம்புரத்துல தண்ணி லாரிக்குக் குடத்தோட நின்ன கண்ணு,
எதையும் கொறச்சுத்தான் பாக்கும்"
என்றான் அவனுடைய பாதித் தமிழில்.
சம்பளம் வருமுன்பே செலவழிக்கிற கண் உன்னுடையது
என்றேன் என்னுடைய பாதிக் கன்னடத்தில்.
இரண்டாம் சுற்றில் அவன் ஐம்பது
நான் நாற்பத்தாறு.
வெயில் ஏறிவிட்டது, ஒப்புக்கொண்டோம்.

ஊசிப்புல்லின் அடியில் வெள்ளை வெள்ளையாய் ஏதோ.
போன வாரம் சினிமா எடுத்தார்களாம்,
தெர்மாகோலைத் துருவிப் பனி பெய்ய வைத்தார்களாம்
ஏப்ரலில்.
"சருகுன்னு போடு."
சருகு மக்கும், ருத்ரேஷ்.
"அப்போ கல்லுன்னு போடு."
பேனா கொஞ்ச நேரம் காற்றில் நின்றது.

வானத்திலிருந்து எடுத்த படம் மாதம் ஒன்று வரும்.
கிழக்கு ஓரம் பச்சை கூடியிருக்கிறது என்று
தலைமை அலுவலகத்தில் லட்டு கொடுத்தார்கள்.
போய்ப் பார்த்தோம்.
உன்னிச்செடி, இடுப்பளவு, பூவும் பிஞ்சுமாய்.
அதன் அடியில் புல் என்று சொல்ல
ஒரு தாள்கூட இல்லை.
பச்சை என்பது ஒரு நிறம், அவ்வளவுதான் என்று
அறிக்கையில் எழுதினேன்.
திருத்தி அனுப்பச் சொன்னார்கள்.

அதே படத்தில்தான்
மேற்கே நகக்கீறல் போல
வெளிறிய கோடு ஒன்று.
ஆட்டுத் தடம் என்றேன்.
ஆடு இவ்வளவு நேராக நடக்காது என்றான்.
மோட்டார் பைக் பையன்கள்? அவர்கள் வட்டமடிப்பவர்கள்.
சும்மா பார்க்கலாமே என்று
எங்கள் நடைப்பதிவை எடுத்து அதன்மேல் வைத்தான்.
வளைவுக்கு வளைவு பொருந்தியது.
நான் டிபன் பாக்ஸ் திறக்கும் பாறை வரைக்கும்.

ஆறு வருடம்.
வாயிற்கதவிலிருந்து ஒன்றாம் கட்டம், இரண்டாம் கட்டம்
என்று வரிசை தப்பாத நான்கு கால்கள்.
பதினேழில் காணாமல் போன பன்னிரண்டு சதவீதத்தை
எங்கள் செருப்படியில் தேடியிருக்க வேண்டும்.

படிவத்தில் 'காரணம்' என்று ஒரு பத்தி:
மேய்ச்சல், தீ, வாகனம், படப்பிடிப்பு, மற்றவை.
மற்றவை என்று குறித்தேன்.
கோழைத்தனமாகப் பட்டது.
அடித்துவிட்டு
'அளவெடுப்பு' என்று ஓரத்தில் எழுதினேன்.
கணினி அதை ஏற்கவில்லை.

இந்த மாதம் ஆளுக்கு ஒரு வழி.
நான் ஏரிக்கரைப் பக்கம் சுற்றி,
அவன் தெற்கே யூகலிப்டஸ் வேலியோரம்.
முன்பு மிதிக்காத இடமாய்ப் பார்த்துக்
காலை எடுத்து வைப்பதற்குள்
காலுறை முழுக்க ஊசி.
காலடியிலிருந்து ஒரு வானம்பாடி கிளம்பியது,
அங்கேயே ஐந்து நிமிடம் நகராமல் நின்றேன்.

பதினேழை அடைந்து
சட்டத்தை இன்னும் பூட்டக்கூட இல்லை,
தூரத்துப் புல்லுக்கு மேலே தலை மட்டும் தெரிய
ருத்ரேஷ் கத்துகிறான்:
"அறுபது!"